அந்தச் சார்ஜரில் பழுது இருக்கவில்லை

தம்பி,

நான் வந்து சேர்ந்து நாலு நாளாகிறது. விமானம் பிந்தவில்லை. முழங்கால் பரவாயில்லை. மருமகள் அனினா கட்டித் தந்த பாணும் சீஸும் விமான நிலையத்துக்குப் போக முன்னமே ரயிலில் முடிந்துவிட்டது. இதையெல்லாம் முந்தாநாள் போனிலும் உனக்குச் சொன்னேன். சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதைப் போனில் சொல்ல எனக்கு ஏலாது. நீ "என்னப்பா?" என்று ஒருதரம் கேட்டால் நான் இங்கே லண்டனில், பிளேஸ்டோவில் மழை பெய்கிறதா இல்லையா என்று கதைக்கத் தொடங்கிவிடுவேன். ஐந்து வருடமாக அப்படித்தான் செய்து வருகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். இங்கிலீஷில் எழுதினால் கவுன்சிலுக்கு விண்ணப்பம் எழுதுகிற மாதிரி வந்துவிடும். சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று நீ காரைவிட்டு இறங்காமல் அடம்பிடித்துப் படித்த தமிழ், இதை வாசிக்கப் போதும். மெல்ல வாசி. விளங்காத சொல் இருந்தால் அதை மட்டும் கேள், சொல்கிறேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் கலியாணத்தன்று நான் பிந்தி வந்ததற்குச் சார்ஜர் காரணமில்லை. அது உறையவில்லை. காரில் தேவைக்கு மேலே சார்ஜ் இருந்தது. நான்தான் வராமல் இருந்தேன். உன் மாமனார் ரேத்தோ அதைத் தன் கண்ணால் கண்டவர். கண்டும், சார்ஜர் உறைந்து போனதென்று எனக்காகப் பொய் சொன்னார். போன கிழமை அவரை அடக்கம் செய்துவிட்டு எல்லாரும் சாப்பிட இருந்தபோது நீ எழும்பி நின்று அந்தக் கதையைச் சொன்னாய். உறைந்துபோன சார்ஜருக்குப் பக்கத்தில் சிக்கிக் கிடந்த உன் அப்பாவை ரேத்தோ பனி வண்டியில் போய் மீட்டுக் கொண்டுவந்த கதை. அந்த மனிசரை நினைத்து எல்லாரும் சிரித்தார்கள், பிறகு அழுதார்கள். அனினா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்வதென்றால் என் கலியாணத்திலிருந்து தொடங்க வேண்டும். அதன் வீடியோவை நீ சின்னனில் பார்த்திருக்கிறாய். வெம்பிளியில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது, பெட்ரோல் ஸ்டேஷனில் வேலை. உன் அம்மாவின் பக்கத்தில் அவளுடைய மாமன் குடும்பம், அவர்களுடைய சிநேகிதர்கள் என்று அறுபது எழுபது பேர். மாப்பிள்ளை வீட்டுக்கென்று முன்வரிசையில் ஆறு கதிரை போட்டிருந்தார்கள். ஊரில் யுத்தம், வெளியே வரப் பாதை பூட்டு. என் அப்பா அம்மாவுக்கு நான் கலியாணம் செய்கிறேன் என்ற கடிதமே கலியாணம் முடிந்து இரண்டு மாதத்துக்குப் பிறகுதான் போய்ச் சேர்ந்தது. என்னோடு ஒரே அறையில் இருந்த சிநேகிதன் ஒருவன் வந்து ஒரு கதிரையில் இருந்தான். அவனுக்கும் ஷிப்ட். தாலி கட்டினவுடன் எழும்பிப் போய்விட்டான். வீடியோக்காரன் கெட்டிக்காரன், அந்தப் பக்கம் கமராவைத் திருப்பவே இல்லை. அதனால் நீ அந்தக் கதிரைகளைக் கண்டிருக்கமாட்டாய். உன் அம்மா கண்டவள். "அண்டைக்கு நீங்கள் என்னைப் பாக்கேல்லை, கதிரையைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்" என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள்.

நீ பிறந்த அன்றே நான் மனதில் ஒன்றை முடிவு செய்துவிட்டேன். உன் கலியாணத்தில் என் பக்கத்தில் ஒரு கதிரை வெறுமையாக இருக்கக்கூடாது. அதற்காகவே லண்டனில் ஆருடைய வீட்டு நன்மை தீமைக்கும் நான் போகாமல் விட்டதில்லை. இரவிரவாக வாடகைக் கார் ஓடின களைப்பில் நித்திரை தூங்கினாலும் போய் முன்வரிசையில் இருப்பேன். நாளைக்கு அவர்களும் வரவேண்டுமல்லவா. ஆனால் இந்தக் கதையை நான் உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. காரணத்தை எனக்குள் வைத்துக்கொண்டு கோபத்தை மட்டும் உன்னிடம் காட்டினேன். அது நான் செய்த முதல் பிழை.

அம்மா கண் மூடி எட்டு மாதத்தில் நீ அந்த மலையூருக்கு வேலைக்குப் போனாய். அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் எலக்ட்ரிக் கார்களுக்குச் சார்ஜர் போடுகிற வேலை, இரண்டு வருடம் மட்டும் அப்பா, என்றாய். நான் போ என்றுதான் சொன்னேன். மனதுக்குள் சொன்னது வேறு. வீட்டில் ஆள் இல்லாமல் போனதை மறக்க விடிய எழும்பிக் காரை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டுவிடுவேன். அப்போதுதான் நானும் டீசல் காரை விற்றுவிட்டு எலக்ட்ரிக் கார் எடுத்து மினிகாப் ஓடத் தொடங்கின காலம். அதைப் பற்றி மட்டும் நாங்கள் இரண்டு பேரும் நன்றாகக் கதைத்தோம், ஞாபகம் இருக்கா? உன் முதல் நாலு சார்ஜரைப் பனிக்குள் நட்ட அன்று படம் அனுப்பி, "கேபிள் நீளம் காணுமா அப்பா? டிரைவரா சொல்லுங்கோ" என்று கேட்டாய். பனியை ஒதுக்கிக் குவித்து வைத்தால் காரைக் கிட்டக் கொண்டுபோக ஏலாது, நீ நினைக்கிறதை விட இன்னும் ஒரு பாகம், ஆறடி, கூட்டு என்றேன். நீ கூட்டினாய். இங்கே தெருவில் லைட் போஸ்ட்டில் கொழுவிச் சார்ஜ் பண்ணுகிற நான், ஆல்ப்ஸ் மலையில் ஒரு கேபிளின் நீளத்தை முடிவு செய்தேன் என்று ஸ்டாண்டில் நின்ற எல்லா டிரைவர்மாருக்கும் சொன்னேன்.

பிறகு அந்தப் போன் வந்தது.

"அப்பா, நானும் அனினாவும் ஃபெப்ரவரியிலை கலியாணம் செய்யப்போறம். அம்மான்ர பேர்த்டே அண்டைக்கு."

"கலியாண ஹோல் எங்க?"

"ஹோல் இல்லை அப்பா. இஞ்ச டவுன் ஆபீஸ்ல. முப்பது பேர்தான்."

"எங்கட பக்கத்திலை எத்தினை பேர்?"

"நீங்கள். அம்மான்ர பெரிய படத்தைக் கொண்டு வாங்கோ, அதுக்கும் ஒரு கதிரை வைக்கிறம்."

"அப்ப அது கலியாணமில்லைத் தம்பி, கையெழுத்து. கையெழுத்துக்கு நான் என்னத்துக்கு?"

"ப்ளீஸ் வாங்கோ" என்றாய். மூன்று கிழமை நான் உனக்குப் போன் எடுக்கவில்லை. எடுத்தபோது வருகிறேன் என்றேன், காரில் வருகிறேன் என்றேன். படம் பெரிசு, விமானத்தில் கையில் கொண்டுவர ஏலாது என்று காரணம் சொன்னேன். உண்மைக் காரணம், காரில் போனால் எந்த இடத்திலும் திருப்பிக்கொண்டு வரலாம்.

அம்மாவின் படத்தைப் பின் சீட்டில் வைத்துப் பெல்ட் போட்டுக் கட்டினேன். லண்டனில் ஒரு சார்ஜில் நாள் முழுக்க ஓடுகிற கார், பிரான்ஸ் தாண்டிக் குளிருக்குள் போகப் போகக் களைக்கத் தொடங்கியது. ஹீட்டரை நிற்பாட்டிவிட்டுச் சீட் சூட்டில் மட்டும் ஓடினேன். ஒவ்வொரு சார்ஜரிலும் நின்று, திரும்புவோமா என்று யோசித்து, பிறகு இன்னும் ஒன்று தாண்டுவோம் என்று போனேன். கலியாணத்துக்கு முதல் நாள் மலையடியில் ஒரு விடுதியில் தங்கினேன். காலையில் வெளிக்கிடும்போது பூச்சியத்துக்குக் கீழே பதினாறு என்று காட்டியது. காரின் சார்ஜ் மூடி ஐஸ் பிடித்து ஒட்டியிருந்தது, உள்ளங்கையை வைத்துச் சூடாக்கித்தான் திறந்தேன். ஏற்றம் ஏற ஏற, கண்ணுக்கு முன்னாலேயே சார்ஜ் இறங்கியது. உன் ஊரின் ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கார் பார்க்கிங்குக்கு வந்தபோது சார்ஜில் நூற்றுக்குப் பத்து வீதம்தான் மிச்சம். மணி ஒன்பது. கலியாணம் பதினொரு மணிக்கு. டவுன் ஆபீஸ் அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர். பத்து வீதத்தில் அங்கே நாலைந்து தரம் போய் வந்திருக்கலாம். நான் காரை உன் சார்ஜரில் விட்டேன்.

நாலாம் நம்பர், தண்டவாளப் பக்கத்துக் கடைசி. கேபிள் குளிரில் விறைத்துக் கம்பி மாதிரி நின்றது, ஆனாலும் நீளம் காணும். பச்சை விளக்கு எரிந்தது. கார் குளிர்ந்து கிடந்ததால் முதலில் மெதுவாக ஏறியது, பிறகு நன்றாக ஏறியது. பத்தேகாலுக்கு அறுபது வீதம் தாண்டிவிட்டது. பனிச்சறுக்குப் பலகைகளைக் கூரையில் கட்டிக்கொண்டு ஒரு சோடி வந்து இடம் பார்த்து நின்றார்கள். ஏறி முடிந்தால் அடுத்தவனுக்கு இடம் விட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பழகின பழக்கம். கழற்றி, காரை எடுத்து, கார் பார்க்கிங்கின் மற்றப் பக்கம் வேலியோரமாக விட்டேன். அங்கேயே இருந்துவிட்டேன்.

பனி கொட்டிக்கொண்டிருந்தது. வைப்பரை நிற்பாட்டினேன். கொஞ்ச நேரத்தில் முன்கண்ணாடி, பக்கக் கண்ணாடி எல்லாம் வெள்ளையாக மூடிவிட்டன. வெளியே ஒன்றும் தெரியவில்லை. எனக்கு அது ஆறுதலாக இருந்தது. அந்த டவுன் ஆபீசுக்குள் நான் ஒருவன் கோட்டும் டையும் கட்டிக்கொண்டு, பாஷை தெரியாத சனத்துக்கு நடுவில், உன் அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிற காட்சியே திரும்பத் திரும்ப வந்தது. எல்லாரும் என்னைப் பார்த்து, இவனுக்கு ஆருமில்லையா என்று நினைப்பார்கள். அந்த முகத்தை என் கலியாணத்தில் நான் ஒருமுறை வைத்துக்கொண்டு இருந்தவன். இன்னொருமுறை வைக்க என்னால் முடியவில்லை. கோபம் என்றுதான் நான் அதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் காருக்குள் இருந்தபோதுதான் தெரிந்தது, அது பயம்.

பத்தரைக்கு நீ போன் எடுத்தாய்.

"அப்பா, எங்க நிக்கிறீங்கள்?"

"கீழ, உன்ர சார்ஜரடியிலை. சார்ஜ் ஏறுதில்லைத் தம்பி. குளிருக்குப் போல."

"எந்த நம்பர்?"

"நாலு."

"விட்டுட்டு டாக்ஸி எடுத்து வாங்கோ அப்பா."

"இந்தா வருகுது, கொஞ்சம் ஏறுது. வாறன், வாறன்."

ஆக, முதல் பொய் என்னுடையதுதான். ரேத்தோவினுடையது அல்ல. பிறகு நீ எடுத்த நாலு போனுக்கும் நான் பதில் சொல்லவில்லை. ஒவ்வொன்றும் அடித்து ஓயும்வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்று ஆனது. பதினொன்றரை ஆனது.

யாரோ முன்கண்ணாடிப் பனியைக் கையால் வழித்தார்கள். கண்ணாடியில் ஒரு முகத்தளவு ஓட்டை விழுந்தது, அதற்குள் ரேத்தோவின் முகம். அதற்கு முதல் நான் அவரைப் படத்தில்தான் கண்டிருந்தேன். கலியாணக் கோட்டுக்கு மேலே, பனி ஒதுக்கவும் சார்ஜர் பார்க்கவும் போடுகிற ஊர்க் கவுன்சிலின் செம்மஞ்சள் வேலை ஜாக்கெட்டைப் போட்டிருந்தார். பனி ஒதுக்குகிற சின்ன வண்டி பின்னால் நின்று உறுமியது. அவர் முதலில் என்னைப் பார்த்தார். திரும்பி, பச்சை விளக்கோடு நின்ற உன் நாலு சார்ஜரையும் பார்த்தார். கதவைத் திறந்து பக்கத்துச் சீட்டில் ஏறி இருந்தார். தொப்பியைக் கழற்றினார், பனி அவருடைய மடியில் விழுந்தது. காரின் திரையில் அறுபத்திரண்டு என்று இருந்தது. அதையும் பார்த்தார்.

அவருடைய இங்கிலீஷ் என்னுடையதை விடக் குறைவு. அவர் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"இது பொடியன்ர அம்மாவா?" என்று பின்னால் காட்டிக் கேட்டார்.

"ஓம்."

அவர் திரும்பி இருந்து, படத்தைப் பார்த்து, தங்கள் பாஷையில் வணக்கம் சொன்னார். உயிரோடு இருக்கிற ஆளுக்குச் சொல்கிற மாதிரி. பிறகு முன்னுக்குத் திரும்பினார்.

"உங்களுக்காக இருபது நிமிஷம் பாத்தம். அதிகாரிக்கு அடுத்த கலியாணம் இருக்கு. பிள்ளையள் ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுட்டினம்."

எனக்கு அழுகை வந்தது. உன் அம்மாவின் செத்தவீட்டில் நான் அழவில்லை என்று நீ கவனித்திருப்பாய். அந்த அந்நிய மனிசருக்குப் பக்கத்தில் இருந்து அழுதேன். அவர் தோளில் கை வைக்கவில்லை. முன்கண்ணாடியில் தான் துடைத்த ஓட்டையினூடாக வெளியே பார்த்துக்கொண்டு இருந்தார். நான் ஓய்ந்த பிறகு கேட்டேன், "எல்லாம் முடிஞ்சுதெண்டா நான் இனி என்னத்துக்கு வாறது?"

"சாப்பாடு இருக்கு," என்றார். "முன்னுக்கு ரெண்டு கதிரை உங்களுக்கெண்டு இருக்கு. ஒருத்தரையும் அதிலை இருக்க நான் விடேல்லை."

இறங்கினார். தன் வண்டியிலிருந்து ஒரு சிவப்புப் பையை எடுத்துக்கொண்டு போய், அந்தச் சோடியும் போய் வெறுமையாக நின்ற நாலாம் நம்பரின் தலையில் மாட்டினார். பழுதான சார்ஜருக்கு மாட்டுகிற பை அது என்று உனக்குத் தெரியும். அது கழன்று விழாமல் கயிற்றை இரண்டு முடிச்சுப் போட்டு இறுக்கினார். பிறகு பனியை ஒதுக்கிக்கொண்டு முன்னால் போனார். அவர் வெட்டின பாதையில் நான் பின்னால் ஓடினேன்.

நீ வாசலில் கோட்டில்லாமல் நின்றாய். தலையில் பனி. ஓடி வந்து என் கையைப் பிடித்து, "அப்பா, ஆர் யூ ஓகே? கை விறைச்சுப்போச்சு" என்றாய். நான் வாயைத் திறக்க முன்னம் ரேத்தோ சொன்னார், "சார்ஜர் உறைஞ்சு போச்சு. நான் பாத்தனான்." அப்போது உன் முகத்தை நான் பார்த்தேன். என்மேல் இருந்த கவலை இறங்கி, வேறொன்று ஏறியது. "என்ர சார்ஜரா?" என்று கேட்டாய். அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நீ அம்மாவின் படத்தை வாங்கி, உன் சேர்ட்டின் கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாய்.

உன் அம்மாவின் பிறந்தநாளில், அவள் இருக்கட்டும் என்று நீ போட்ட கதிரையையும் நான்தான் வெறுமையாக்கினேன். என் அப்பா அம்மா வராமல் விட்டதற்குச் சண்டை இருந்தது, பூட்டின பாதை இருந்தது. எனக்கு என்ன இருந்தது? திறந்த பாதையும் அறுபத்திரண்டு வீதமும். எனக்கு நடந்ததை உனக்கு நடக்க விடமாட்டேன் என்று முப்பது வருடம் ஆயத்தம் செய்த நானே அதை உனக்குச் செய்தேன்.

அதோடு முடிந்திருந்தால் இவ்வளவு பாரம் இருந்திருக்காது. அடுத்த கிழமையே நீ அந்தச் சார்ஜரைக் கழற்றிப் பார்த்தாய். பாகங்களை மாற்றினாய். அந்த மாரிக் குளிர்காலம் முழுவதும், தேன்நிலவுக்குப் போக வேண்டிய நாட்களில் கூட, குளிர் அதிகமான விடியற்காலைகளில் போய் நின்று அதைச் சோதித்தாய் என்று அனினா சிரித்துக்கொண்டு சொன்னாள். கவுன்சில் கூட்டத்தில் எழும்பிக் கதைத்து, எல்லாச் சார்ஜருக்கும் மரக்கூரை போட வைத்தாய். படம் அனுப்பினாய். நல்ல வடிவான கூரை. கீழே எழுதியிருந்தாய்: "அப்பா, இனி ஒருத்தருக்கும் அப்பிடி நடக்காது." அந்தச் செய்தியை நான் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு பயணிக்காகக் காத்திருந்தபோது வாசித்தேன். பயணி வந்து ஏறி, போகலாமா என்று இரண்டு தரம் கேட்ட பிறகுதான் காரை எடுத்தேன்.

அந்தக் கூரைகளால் எத்தனையோ பேருக்கு நன்மை, அது எனக்குத் தெரியும். அடுத்தடுத்த மாரிகளில் வந்தபோது நானே கண்டேன், கைக்குழந்தையோடு ஒரு பெண் பனி படாமல் நின்று கொழுவினாள். ஆனால் நீ அதைப் போட்டது ஒரு நல்ல யோசனையாக அல்ல, ஒரு குற்றத்துக்குப் பரிகாரமாக. அந்தக் குற்றம் உன்னுடையது இல்லை.

ரேத்தோவும் நானும் சிநேகிதரானது உனக்கு ஆச்சரியம். பாஷை இல்லாமல் இரண்டு கிழவரும் என்னத்தைக் கதைக்கிறீர்கள் என்று கேட்பாய். ஸ்டேஷன் கஃபேயில் யன்னலோரம் இருந்து, கார்கள் வந்து கொழுவுவதைப் பார்த்துக்கொண்டிருப்போம். மாரியில் கார் வைத்திருப்பதைப் பற்றி அவர் எனக்குச் சொல்லித் தந்தவை கொஞ்சமில்லை. வீட்டுக்கு வந்தவுடன் கொழுவு, நாளைக்குப் பார்ப்போம் என்று விடாதே. வெளிக்கிட முன்னம், கொழுவினபடியே காரைச் சூடாக்கு. பாதிக்குக் கீழே இறங்க விட்டு மலை ஏறாதே. எவ்வளவு இருக்கிறது என்று திரை சொல்வதில் மூன்றில் ஒன்றைக் குளிருக்கென்று கழித்துவிடு. நீ இதையெல்லாம் என்னை விடத் தெரிந்தவன். ஆனாலும் நீ அசதியில் கொழுவ மறக்கிறவன் என்று அனினா சொன்னாள், அதனால் எழுதுகிறேன்.

முதல் கோடையில் நான் அவரிடம் கேட்டேன், ஏன் அன்றைக்கு அப்படிச் சொன்னீர்கள் என்று. நல்ல மனிசன் என்பதால் என்று ஏதாவது சொல்வார் என நினைத்தேன். அவர் சொன்னது வேறு. "பொடியன் வாசல்லை கோட்டில்லாமல் நிண்டவன். உண்மையைச் சொன்னா அண்டைக்கு முழுக்க அவன் அதைத்தான் நினைச்சுக்கொண்டு நிப்பான். அது என்ர மகளின்ர நாளும்தானே." கொஞ்சம் பொறுத்து, "நான் சொன்னது அந்த ஒரு நாளுக்கு. மிச்சத்தை நீங்கள்தான் சொல்லவேணும்" என்றார்.

சொல்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாரியும் அந்தக் கஃபேயில் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார், "சொல்லியாச்சா?" இல்லை என்பேன். தலையை ஆட்டுவார், வேறு கதைக்குப் போவார். ஒருநாளும் என்னை நெருக்கவில்லை. போன நத்தாருக்கு, கிறிஸ்மஸ் அன்று, நீ வீடியோவில் எல்லாரையும் காட்டினபோது, நீ திரும்பி நின்ற ஒரு நொடியில் அவர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நான் தலையை இல்லை என்று ஆட்டினேன். ஒரு மாதம் கழித்து அவர் இல்லை. வாழ்நாளெல்லாம் நேராக இருந்த மனிசர், என் பயத்தால் ஒரு பொய்யைச் சுமந்துகொண்டு போனார்.

இனி, அடக்கம் முடிந்து நான் லண்டனுக்குத் திரும்பின அன்று நடந்தது. நீ என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்தாய். பெட்டியை வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாய். அங்கிருந்து பார்த்தால் நாலு சார்ஜரும் தெரியும்.

"அப்பா, அந்த நாலாம் நம்பர் ஃபால்ட் பதிவு மட்டும் இன்னும் சிஸ்டத்திலை மூடாமல் ஓப்பினா இருக்கு," என்றாய். "எங்கட கலியாணத்தண்டைக்கு ரேத்தோ மாமா எழுதினது. மூண்டு தரம் எல்லாத்தையும் செக் பண்ணிட்டன். ஒரு பிழையும் இல்லை. காரணம் தெரியாமல் மூட எனக்கு விருப்பமில்லை. அவரிட்டை வடிவாக் கேப்பம் கேப்பம் எண்டு விட்டுட்டன். இப்ப கேக்க ஆளில்லை."

சொல்லிவிட்டு நீ சார்ஜரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய்.

"ட்ரெயின் வருகுது தம்பி," என்றேன். ரயில் வரவில்லை. வர இன்னும் நாலு நிமிடம் இருந்தது. அந்த நாலு நிமிடமும் நான் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். வழி முழுக்க அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். நீ படித்த எஞ்சினியர். உனக்கு எவ்வளவு காலமாகச் சந்தேகம் இருக்கிறதோ தெரியாது. நீ எனக்கு ஒரு வாசலைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாய் என்றுதான் இப்போது நினைக்கிறேன். நான் அதற்குள்ளும் வரவில்லை.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதோ தெரியாது. என்றாலும் தகப்பன் என்றபடியால் ஒன்று சொல்கிறேன். போக வேண்டிய இடத்துக்கு மனம் சரியான பிறகு போவோம் என்று நிற்காதே. கோபம் இருந்தால் கோபத்தோடு போய் இரு. வெட்கமாக இருந்தால் வெட்கத்தோடு போய் இரு. முகம் சரியில்லாமல் வந்து இருந்தவனை ஒருவரும் பிழை சொல்வதில்லை. எனக்குப் பக்கத்தில் ஒரு மனிசர் வந்து இருந்தார், நான் அழுது முடியும்வரை அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அனினாவிடம் நீயே சொல்லு, அல்லது நான் வந்து சொல்கிறேன், எது சரி என்று நீ சொல்லு. அவளுடைய அப்பா ஒருநாள் மட்டும் பொய் சொன்னவர், அதுவும் அவளுக்காகத்தான் என்பதை அவள் அறிய வேண்டும். நீ என்மேல் கோபப்படுவாய். படு. எவ்வளவு நாள் என்றாலும் பரவாயில்லை. நீ எடுக்கிற போனை நான் இனி அடித்து ஓய விடமாட்டேன்.

நாலாம் நம்பரில் நீ செய்த வேலை முதல் நாளிலிருந்தே சரி. கேபிள் நீளம் சரி, வயரிங் சரி, குளிரைத் தாங்கினது. ரேத்தோவின் பெயரில் இருக்கிற அந்தப் பதிவைத் திற, தம்பி. பழுது இருக்கவில்லை என்று எழுது. காரணம் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டு மூடிவிடு.

அப்பா